வாவி நண்டும் வெள்ளை வைனும்

2009ஆம் ஆண்டு போர் முடிவுற்றதன் பின்னர் பாசிக்குடாக் கடற்கரையில் வரிசையாக எழுந்த உல்லாச விடுதிகளில் உணவு மேசை பற்றிய ஒரு நியதி நிலைபெற்றுவிட்டது. நண்டோ இறாலோ மேசைக்கு வருமாயின் அதனோடு பிரெஞ்சு வெள்ளை வைன் வருதல் வேண்டும் என்பதே அந்நியதி. இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்ற பாலபாடத்தை மட்டக்களப்பிலே பிறந்து வளர்ந்த இளம் பரிசாரகன் மனனம் செய்து ஒப்புவிக்கின்றான். அதே இளைஞனின் தந்தை மாலையில் வாவிக்கரைத் தென்னஞ்சோலையில் ஒரு முட்டிக் கள்ளுடன் சுட்ட மீனை உண்பாராயின், அதனை வெளியிற் சொல்ல அவன் நாணுகின்றான். முன்னையது நாகரிகம் எனவும் பின்னையது குடிகாரத்தனம் எனவும் கொள்ளப்படுகின்றன. இரண்டிலும் நிகழ்வது ஒன்றே: நீர்நிலையில் விளைந்த உணவினை அந்நீர்நிலையின் கரையில் விளைந்த புளித்த பானத்துடன் உண்ணல். இவ்வேற்றுமை நாவின் சுவையிலிருந்து பிறந்ததா, சமூகத்தின் ஏற்றத்தாழ்விலிருந்து பிறந்ததா என்பதே இக்கட்டுரையின் வினா. குடிப்பழக்கத்துக்கு வக்காலத்து வாங்குவது இதன் நோக்கமன்று. ஒரே குற்றத்துக்கு இருவேறு தண்டனை விதிக்கும் நீதிபதியைக் கேள்வி கேட்பதே இதன் நோக்கமாகும்.

வெள்ளை வைனை ஏளனம் செய்து இவ்வழக்கை வென்றுவிடலாம் என எண்ணுவது பேதைமை. பிரெஞ்சு மக்களின் மதுக்கலை உயர்ந்ததோர் அறிவுத்துறை. லொவார் நதி கடலோடு கலக்கும் நாந்த் நகரின் சுற்றுப்புறத்தில் விளையும் முஸ்கடே என்னும் வெள்ளை வைன், அங்குள்ள சிப்பிகளுக்கென்றே பிறந்தது போன்றது. நதியில் அகப்படும் பைக் மீனுக்கு வெண்ணெய், சின்ன வெங்காயம், காடி ஆகியவற்றாற் செய்யப்படும் வெண்ணிறக் குழம்பும் அந்நகரத்தின் ஆக்கமே. அதே நதியின் மேற்பகுதியிலுள்ள சான்சேர் என்னும் ஊரின் வைன், அயலூரான சவிஞ்ஞோலின் ஆட்டுப்பாற்கட்டிக்கு இணையாகின்றது. இவ்விணைகளை எந்த நூலாசிரியரும் அறையிலிருந்து வகுக்கவில்லை. அவ்வவ்விடத்து உழவரும் மீனவரும் தலைமுறை தலைமுறையாக உண்டு கண்டவற்றைப் பிற்காலத்தார் விதியாக எழுதிக்கொண்டனர்.

மட்டக்களப்பார் கூர்ந்து நோக்கவேண்டிய பிரெஞ்சு எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிரான்சின் தென்கரையில், மத்தியதரைக் கடலிலிருந்து ஒடுங்கிய மணற்றிட்டினாற் பிரிக்கப்பட்ட தோ என்னும் களப்பு அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 75 சதுர கிலோமீற்றர். 56 கிலோமீற்றர் நீண்டு ஏறத்தாழ 141 சதுர கிலோமீற்றர் பரந்துள்ள மட்டக்களப்பு வாவியுடன் ஒப்பிடுகையில் அது பாதியளவினதே. ஒரு முனையில் செத் என்னும் துறைமுகப் பட்டினம். கவிஞர் போல் வலேரி பிறந்ததும் அடக்கம் பெற்றதும் அங்கேதான். மறுகரையில் பூசிக் என்னும் மீனவக் கிராமம். அங்கு வற்றும் பெருக்கும் இல்லாமையால், சிப்பிகளைச் சீமெந்தினால் கயிறுகளில் ஒட்டி நீருக்குள் தொங்கவிட்டு வளர்க்கின்றனர். களப்பை அடுத்த மேட்டுநிலத்தில் பினே முதலிய ஆறு ஊர்களில் பிக்பூல் என்னும் வெண்திராட்சை விளைகின்றது. அதன் பெயருக்கு உதட்டைக் குத்துவது என ஊரார் பொருள் கூறுவர். அத்துணைப் புளிப்பு. இளம் பச்சை ஓடிய மஞ்சள் நிறமும் எலுமிச்சை மணமும் உடைய அவ்வைனை ஓரிரு ஆண்டுகளுக்குள் அருந்திவிடல் வேண்டும். நெடுங்காலம் வைத்திருந்தாற் சிறப்பதில்லை. சிப்பியின் உவர்ப்பை அதன் புளிப்பு துடைத்துச் செல்ல, அடுத்த சிப்பிக்கு நா ஆயத்தமாகின்றது. களப்பும் மேட்டுநிலமும் தட்டிலே சந்திக்கின்றன.

இந்த வைனைப் படைத்தோர் யாவர்? மாளிகை வாழ் பிரபுக்கள் அல்லர். நெடுங்காலம் அத்திராட்சைக்குத் தனிப் பெருமை இருந்ததில்லை. களப்பின் கரையிலுள்ள மார்செயான் ஊரில் வேர்மூத் என்னும் மூலிகை மதுவுக்கு மூலப்பொருளாக அதன் பெரும்பகுதி கழிந்தது. இன்று பினே ஊரின் கூட்டுறவு வடிசாலையான லோர்மரீன் உலகெங்கும் வெள்ளை வைனை அனுப்புகின்றது. அதன் உரிமையாளர் சிறு உழவரே. அவர்களது வைன் 2013ஆம் ஆண்டு தனக்கெனத் தனியான பெயருரிமை பெற்றது. அவ்வாறு ஊர்களுக்கு வெளியே விளைந்த எதுவும் அப்பெயரைச் சூட முடியாது.

இவ்வுயர்வு வானத்திலிருந்து விழுந்ததன்று என்பதை வரலாறு காட்டும். 1860களில் தோன்றிய பிலொக்ஸெரா என்னும் பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது. அமெரிக்க வேர்க்கொடிகளின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டியே அவை மீட்கப்பட்டன. (தூய மரபு பேசும் வைன் இரசிகர்கள் தமது கிண்ணத்தின் அடியில் அமெரிக்க வேர் இருப்பதை நினைவு கொள்வதில்லை.) பின்னர் சீனியும் நீரும் கலந்து செய்த போலி மது சந்தையை நிறைத்தது, உழவர் பட்டினியில் வாடினர். 1907ஆம் ஆண்டு, ஆர்ஜெலியே என்னும் சிற்றூரைச் சேர்ந்த மார்செலின் அல்பேர் தலைமையில் தென்பிரான்சின் உழவர் கிளர்ந்தெழுந்தனர். ஜூன் 9ஆந் திகதி மொன்பெல்லியே நகரில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். நார்போன் நகரில் இராணுவம் சுட்டது, உயிர்கள் மாண்டன. உழவரின் மைந்தரைக் கொண்ட 17ஆம் காலாட்படை தன் மக்கள்மீது துப்பாக்கி நீட்ட மறுத்துக் கலகம் செய்தது. அம்மாத இறுதியிலேயே போலி மதுவுக்கெதிரான சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்னரே, 1901இல், மரோசான் என்னும் ஊரில் சுதந்திர திராட்சை உழவர் என்ற பெயருடன் கூட்டுறவு தோன்றியிருந்தது. சோசலிசத் தலைவர் ஜோரேஸ் 1905இல் அங்கு சென்று அதனைப் பாராட்டினார். 1935இல் இடப்பெயர் உரிமையைக் காக்கும் தேசிய நிறுவனம் அமைந்தது. பாசிக்குடாவில் திறக்கப்படும் போத்தலின் தக்கைக்குக் கீழே இத்தனை போராட்டம் அடைபட்டுள்ளது. அதனை அருந்துவோர் சுவையை மட்டும் இறக்குமதி செய்கின்றனர். அச்சுவையைப் பெற்றெடுத்த உழைப்பாளியின் கௌரவத்தை இறக்குமதி செய்வதில்லை.

இனி வாவிக்கரைக்கு வருதல் தகும். வாவிக்குக் கிழக்கே கடலுக்கும் நீருக்கும் இடையிலுள்ள மணற்பாங்கான எழுவான்கரை தென்னையின் நிலம். மேற்கே படுவான்கரை நெல்லின் நிலம். வாவி இவ்விரண்டுக்கும் இறாலும் நண்டும் மணலையும் திரளியும் ஓராவும் கொடுக்கின்றது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களை முறித்துச் சாய்த்தது. மீண்டும் நட்டு எழுந்த கரையோரச் சோலைகளை 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடற்கோள் தாக்கியது. இடையில் முப்பதாண்டுப் போர். பிலொக்ஸெராவுக்குப் பின் பிரான்சிய உழவனுக்கு அறிவியலும் அரசும் துணை நின்றன. சூறாவளிக்குப் பின் எழுவான்கரைச் சீவல் தொழிலாளிக்குத் துணை நின்றோரை விரல்விட்டு எண்ணலாம்.

கள் இறக்குவது ஒரு நுண்தொழில் என்பதைக் கல்வியுலகம் அறியாதது போன்று நடந்துகொள்கின்றது. விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிதாகச் சீவி, முட்டி கட்டிச் சாறு சேர்ப்பதற்குப் பழகிய கை வேண்டும். தட்டு மிகுந்தாற் பாளை அழுகும். குறைந்தாற் சாறு ஓடாது. ஒரு மரம் நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு இலீற்றர் வரை தரும். அச்சாற்றிற் பதினைந்து சதவீதமளவு சீனி உண்டு. முட்டியில் விழும்போதே காற்றிலும் கலத்திலுமுள்ள மதுவங்களும் பற்றீரியாக்களும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. முதலிற் புளிப்பும், பின் அற்ககோலும், அதன்பின் காடித்தன்மையும் வளர்கின்றன. காலையில் இனிப்பும் நுரைப்புமாயிருப்பது மாலையில் உறைப்பேறி மறுநாள் காடியை நோக்கிச் செல்லும். ஆகவே கள்ளுக்கு ஆண்டுக் கணக்கு இல்லை. மணிக் கணக்கே உண்டு. இன்ன சோலையின் கள், இன்ன நேரத்துக் கள் எனப் பிரித்தறியும் நா வாவிக்கரையில் உண்டு. திராட்சைத் தோட்டத்தின் மேற்குச் சரிவுக்கும் கிழக்குச் சரிவுக்கும் வேறுபாடு கூறும் பிரெஞ்சுக்காரனை வியப்போர், வாவிக்கரைக் கிழவரின் இவ்வறிவைக் கேட்டால் நகைக்கின்றனர்.

சுவையின் நியாயத்தாலேயே இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்க்கலாம். பிக்பூலுக்குச் சிப்பி பொருந்துவது எதனால்? சிப்பியில் உறைப்பு இல்லை; புளி இல்லை; உவர்ப்பும் மென்மையுமே உள்ளன. மட்டக்களப்பின் நண்டுக்கறியோ மிளகாயும் மிளகும் புளியும் தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் கலந்து எழுவது. பன்னிரண்டு, பதின்மூன்று சதவீத அற்ககோலுடைய வறண்ட வெள்ளை வைனை அதனோடு அருந்தினால் எரிவு கூடும். ஏனெனில் காரத்தை உணரும் நரம்பு முனைகளை அற்ககோல் மேலும் தூண்டுகின்றது. புளியின்மேல் வைனின் புளிப்பு ஏறும்போது வைன் சப்பென்றாகின்றது. இவ்வுண்மையைப் பிரெஞ்சு வல்லுநரும் அறிவர். அதனால்தான் காரமான கீழைத்தேய உணவுக்குச் சற்று இனிப்புடைய அல்சாஸ் பகுதி வைன்களை அவர்கள் பரிந்துரைக்கின்றனர். கள்ளிலோ அற்ககோல் ஏறத்தாழ ஐந்து சதவீதமே; எஞ்சிய சீனியின் மெல்லினிப்பு உண்டு; இயற்கையான நுரைப்பு உண்டு; பாலின் கொழுப்பை வெட்டும் புளிப்பும் உண்டு. வல்லுநர் போத்தலுக்குள் தேடும் குணங்கள் முட்டிக்குள் முன்னரே இருக்கின்றன. மரவள்ளிக்கிழங்கும் உறைப்பான இறாற்கறியும், சுட்ட கருவாடும், புளியாணத்தில் வெந்த வாவி மீனும் அதற்கு இணையாக வந்தது தற்செயலன்று.

விடுதிகளின் அடுக்களையில் நிகழ்வதோ இதன் தலைகீழ். வைனுக்கு நண்டுக்கறி பொருந்தவில்லை என்று கண்டபோது வைனை மாற்றுவாரில்லை, கறியை மாற்றுகின்றனர். மிளகாய் குறைகின்றது, புளி மறைகின்றது, முருங்கையிலை மேசைக்கு ஆகாது என ஒதுக்கப்படுகின்றது. வெண்ணெயும் உள்ளியும் தடவிய நண்டு, வாவி நண்டு என்ற பெயருடன் வருகின்றது. மிளகாயே போர்த்துக்கேயர் காலத்தில் வந்தது, மாற்றம் புதிதன்று எனச் சிலர் வாதிடுவர். உண்மைதான். ஆயின் மிளகாயை ஏற்றவர்கள் அதனைத் தம் நாவுக்கும் தம் அம்மிக்கும் ஏற்றபடி ஏற்றனர். இங்கு மாற்றத்தின் அளவுகோல் அந்நியன் கையிலுள்ள கிண்ணமாக இருக்கின்றது. உண்பவன் பொருட்டு உணவு மாறுவது இயல்பு. போத்தலின் பொருட்டு உணவு மாறுவது அடிமைத்தனம்.

கள் தமிழர் பண்பாட்டுக்குப் புறம்பானது என்போர் சங்க நூல்களை ஒருமுறை புரட்டுதல் வேண்டும். சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துப் பரதவர் முதிர்ந்த தேறலையும் சுட்ட உலர்மீனையும் பாணருக்கு விருந்தளிக்கின்றனர். பட்டினப்பாலையிற் புகாரின் பரதவர் விழா நாளில் பனங்கள் அருந்துகின்றனர். அதியமான் இறந்தபோது ஒளவையார் அழுதது, சிறிதளவு கள் கிடைப்பினும் தமக்கே தந்துவிட்ட அவனது கொடையை நினைந்தே. இன்னும் ஒரு செய்தி இவ்வாதத்துக்கு மிக நெருக்கமானது. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர் யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் அவன் அருந்தி மகிழ்க என வாழ்த்துகின்றார். 1945இல் மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிற் கிடைத்த மத்தியதரைக் கடற்பகுதி மதுச்சாடிகள் அவ்வாணிகத்துக்குச் சான்று. ஆக, மேற்கின் திராட்சை மது தமிழகத்துக்கு ஈராயிரம் ஆண்டுப் பழைமையானது. அன்று அரசன் யவனத் தேறல் அருந்தினான் என்பதற்காகப் பரதவனின் பனங்கள் இழிந்ததாகிவிடவில்லை. புலவன் இரண்டையும் பாடினான்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தாரே என்ற வினா எழும். எழுதல் நியாயமே. ஆனால் வள்ளுவரின் கண்டனம் அறிவை மயக்கும் குடி பற்றியது. போத்தலில் அடைத்து இறக்குமதி வரி செலுத்தினால் அக்கண்டனத்திலிருந்து விலக்கு உண்டு என அவர் எங்கும் கூறவில்லை. குறளை மேற்கோள் காட்டிச் சீவல் தொழிலாளியை வைது, மாலையில் விடுதி மேசையில் வைன் கிண்ணத்தைச் சுழற்றி முகரும் கனவான் வள்ளுவரையும் ஏமாற்றுகின்றான், தன்னையும் ஏமாற்றிக்கொள்கின்றான். பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அஃது ஒரு நேர்மையான நிலைப்பாடு, ஏனெனில் அவர் தமக்கு வேறொரு போத்தலை ஒதுக்கி வைத்துக்கொள்ளவில்லை. அத்தகைய முழு மறுப்பாளரோடு இக்கட்டுரைக்குப் பிணக்கில்லை. பிணக்கெல்லாம் அரை மறுப்பாளரோடுதான். தமிழ்நாட்டரசே இந்த அரை மறுப்புக்குத் தலைசிறந்த சான்று. 1987 தொடக்கம் அங்கு கள் தடைசெய்யப்பட்டுள்ளது. 2003 தொடக்கம் பிறவகை மதுவைச் சில்லறையாக விற்கும் ஏகபோகம் அரசு நிறுவனத்தின் கையில் உள்ளது.

இலங்கையில் இவ்வேற்றத்தாழ்வுக்குச் சட்ட வடிவம் தந்தது குடியேற்ற ஆட்சியாகும். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வெளிநாட்டு மது வேறு, கள் வேறு எனப் பிரித்தது. கள் இறக்கும் மரத்தைச் சீவுவதற்கே உரிமம் வேண்டும் என்றாயிற்று. அக்காலத்திலேயே அரசு வருமானம் கருதி நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கள்ளுத் தவறணைகளைத் திறக்கத் திட்டமிட்டது. அதற்கெதிராக மதுவிலக்கு இயக்கம் மூண்டது. அவ்வியக்கத்தினரின் சினம் நியாயமானதே. ஆயினும் அதன் ஒரு விளைவைக் கூறாதிருத்தல் முடியாது. தவறணையை அமைத்தவன் துரை. வருமானம் கொண்டவன் குத்தகைக்காரன். பழி வந்து விழுந்ததோ மரத்தில் ஏறியவன் மீது. சாதி ஏற்கெனவே அவனைத் தாழ்த்தி வைத்திருந்தது. சட்டம் அவனைச் சந்தேகத்துக்குரியவனாக்கியது. ஒழுக்கவாதம் அவனைப் பாவியாக்கியது. நாடு சுதந்திரமடைந்த பின்னும் அப்பிரிவினை அழியவில்லை. தன் தென்னையின் பாளையை உரிமமின்றிச் சீவுபவன் இன்றும் குற்றவாளி.

அப்பம் உண்ணாத மட்டக்களப்புக் குடும்பம் எது? அப்பமாவைப் பொங்கச் செய்ய ஒரு கோப்பைக் கள்ளைப் பின்கதவால் வாங்கும் வழக்கம் நெடுங்காலத்தது. கள் அடுக்களைக்குள் வரலாம். கொணர்ந்தவன் முற்றத்தைத் தாண்டி வரலாகாது. இந்தச் சமூகநெறியின் பொய்ம்மையை விளக்க வேறு ஆதாரம் தேவையில்லை.

பல்கலைக்கழகத்தார்க்கு இவ்விடயத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. மட்டக்களப்பின் கூத்தும் ஒரு காலத்தில் படிப்பறிவற்றோரின் இரவு ஆட்டமாகவே கருதப்பட்டது. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என அதனைக் கற்றோர் மேடைக்குக் கொணர்ந்தபோதுதான் பலருக்குக் கண் திறந்தது. அதே காலத்தில் பேச்சுத்தமிழில் எழுதிய முற்போக்கு எழுத்தாளரின் ஆக்கங்களை இழிசனர் இலக்கியம் என மரபுவாதிகள் தூற்றினர். இன்று அத்தூற்றலைப் பரீட்சை வினாவாக மாணவர் எழுதுகின்றனர். ஆட்டத்திலும் மொழியிலும் தோற்றுப்போன அந்த ‘இழிசனர்’ என்ற அளவுகோல் நாவின் சுவையில் மட்டும் தோற்காமல் நிற்பது விந்தை. கூத்தனின் மத்தளத்துக்கு மாலை சூட்டும் ஆய்வாளர், அக்கூத்தனின் பாட்டன் ஏறிய மரத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

எதிர்வாதங்களில் வலிமையானது ஒன்றே. மட்டக்களப்பின் ஏழைக் குடும்பங்களை மது சீரழிக்கின்றது. பெண்களே அதன் சுமையைச் சுமக்கின்றனர். இந்நிலையில் கள்ளுக்குக் கௌரவம் கேட்பது எரிகின்ற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகாதா என்பர். இக்கேள்வியைக் கேட்கும் பெண்ணுக்கு மறுமொழி பணிவோடு சொல்லப்படல் வேண்டும். 2023ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம், மதுவின் எந்த அளவும் தீங்கற்றதெனச் சொல்லவியலாது என அறிவித்தது. அவ்வறிவிப்பு கள்ளுக்கும் பொருந்தும்; வெள்ளை வைனுக்கும் பொருந்தும். ஆனால் அக்குடும்பங்களை அழிப்பவற்றைப் பெயர் சொல்லிக் கூறுதல் வேண்டும். அவை கசிப்பும், தொழிற்சாலை எரிசாராயத்திற் கலந்து செய்யப்படும் மலிவான கடுஞ்சாராயமும் ஆகும். 2017இல் கல்குடாவின் கும்புறுமூலைப் பகுதியில் எதனோல் வடிசாலை எழும்பியபோது மக்கள் எதிர்த்தனர். செய்தி சேகரிக்கச் சென்ற ஊடகவியலாளர் தாக்குதலுக்கு உள்ளாகினர். அந்த எதிர்ப்பு சரியானது. ஐந்து சதவீதமுடைய, ஒரு நாளுக்குமேல் நில்லாத, மரத்தின் அளவுக்குமேற் பெருக்கவியலாத பானத்தையும், தாங்கியில் இலட்சம் இலட்சமாகப் பெருகும் எரிசாராயத்தையும் ஒரே தட்டில் வைப்பது, அறியாமையால் நிகழ்ந்தால் மன்னிக்கலாம். சாராய முதலாளியின் நலன் கருதி நிகழ்ந்தால் மன்னிக்கலாகாது.

கௌரவம் என்பது மிகுதியாகக் குடிக்கச் சொல்வதன்று. பிரான்சிலும் வைனுக்குக் கிடைத்த கௌரவத்தின் உள்ளடக்கம் கட்டுப்பாடே: எங்கு விளையலாம், எவ்வளவு விளையலாம், எதைக் கலக்கலாகாது என்பன. சீனி கரைத்த கள்ளும் மருந்து கலந்த கள்ளும் வாவிக்கரையில் விற்கப்படுவதாகக் கூறுவோர், 1907இல் பிரெஞ்சு உழவர் எழுப்பிய அதே முறைப்பாட்டையே எழுப்புகின்றனர். அம்முறைப்பாட்டுக்கு அங்கு கிடைத்த பரிகாரம் திராட்சைக் கொடியைப் பிடுங்கி எறிவதன்று.

இன்னொரு களப்பையும் நோக்குதல் நலம். பிரான்சுவரை செல்ல இயலாதோர்க்கு அது அண்மையிலுள்ளது. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயற்கரைக் கள்ளுக்கடைகளின் உணவு இன்று அந்நாட்டின் பெருமைகளில் ஒன்று. மரவள்ளிக்கிழங்கு, மிளகாய்ச் சிவப்பேறிய மீன்கறி, வாழையிலையிற் சுட்ட கரிமீன் ஆகியவற்றுக்காகவே குடும்பத்துடன் அங்கு செல்வோர் உளர். அவர்களுட் பலர் கள் அருந்தாதவர். அக்கரிமீன் இனம் மட்டக்களப்பு வாவியிலும் வாழ்கின்றது. கள்ளுத் தொழிலாளரின் சேமநிதிக்கென 1969இல் கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குடிமரபிலும் தாய்வழியுரிமையிலும் கேரளத்தோடு உறவு பேசும் மட்டக்களப்பு ஆய்வுலகம் இவ்வுறவை மட்டும் பேசாது விட்டதேன்?

கள் நில்லாது, ஆகவே வைனோடு போட்டியிடாது என்பது வணிகரின் கடைசி வாதம். வைனும் ஒரு காலத்தில் நிற்கவில்லை. 1860களில் மூன்றாம் நெப்போலியன் வைனின் நோய்களை ஆராயப் பாஸ்டரைப் பணித்தான்; அவ்வாய்வின் பயனாக வந்த மிதவெப்ப முறையாலேயே இன்று யாழ்ப்பாணத்துப் பனங்கள் போத்தலில் அடைபட்டுக் கடல் கடக்கின்றது. பனைக்கு 1978இல் அபிவிருத்திச் சபை அமைந்தது. வடக்கின் சீவல் தொழிலாளர்க்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. 2022இல் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பெயர்ப் பாதுகாப்பைப் பெற்றது. பிக்பூலைக் காக்கும் சட்ட மரபின் இன்னொரு கிளையே அதுவும். எனவே வழியில்லை என்பது பொய். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் உள்ளது. அதன் விஞ்ஞான, விவசாய பீடங்களிலிருந்து வாவிக்கரைத் தென்னஞ்சோலை நெடுந்தூரமன்று. எழுவான்கரையின் சீவல் தொழிலாளர் கூட்டுறவொன்று தன் கள்ளைச் சோதித்து, இறக்கிய ஊரும் நேரமும் குறித்து, அன்றைய மாலைக்குள் பாசிக்குடா மேசைக்கு அனுப்புவதற்குத் தேவையானவை மூன்று: ஓர் ஆய்வுகூடம், ஒரு குளிர்ப்பெட்டி வண்டி, வெளிநாட்டு மதுவுக்கு உரிமம் பெற்ற விடுதி அயலூர்க் கள்ளையும் பரிமாற இடந்தரும் ஒரு சட்டத் திருத்தம். முதலிரண்டும் ஒரு விடுதியின் நீச்சற்குளத்தைவிட மலிவானவை. மூன்றாவதற்குப் பணமே தேவையில்லை. மட்டக்களப்பிலிருந்து பாராளுமன்றம் செல்வோர் தம் வாக்காளர் ஏறும் மரத்தைப் பற்றிச் சபையில் எழுந்து பேசுதல் போதும்.